கேய்னைக் குறைத்த நாள்

இரண்டு தடவை என் பாட்டை வானொலிக்காரர்கள் திருப்பிவிட்டார்கள். இரண்டு தடவையும் ஒரே பதில்: "பாட்டு நன்றாக இருக்கிறது. இரைச்சல் அதிகம். ஸ்டூடியோவில் பதிந்து அனுப்புங்கள்." மூன்றாவது முறைக்கு வெள்ளிக்கிழமை வரைதான் தவணை. அதையும் விட்டால் நானே எழுதி மெட்டுப்போட்ட பாட்டு என் ஃபோனுக்குள்ளேயே கிடந்து சாகும். ஸ்டூடியோவாம்! பூனாகலைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்து, லயம் என்கிற வரிசை வீட்டில் ஒரு காம்பராவில் குடியிருக்கிறவளுக்கு ஏது ஸ்டூடியோ? பதுளையில் வாங்கிய ஒரு மைக், அதை ஃபோனோடு இணைக்கிற இன்டர்ஃபேஸ் பெட்டி, ஒரு ஹெட்போன். என்னிடம் இருந்தது அவ்வளவுதான்.

இரைச்சல் என்றதும் எனக்கு லயத்தின் மேல்தான் கோபம் வந்தது. எங்கள் காம்பராக்களின் நடுச்சுவர் கூரையைத் தொடாது. பக்கத்து வீட்டில் தும்மினால் என் வீட்டிலிருந்து நான் "நூறு" சொல்வேன். ஞாயிற்றுக்கிழமை காலை வாசலில் நின்று கத்தினேன்.

"ஒரு மணித்தியாலத்துக்கு ஒருத்தரும் மூச்சுவிடக் கூடாது. குக்கர், டீவி, சண்டை எதுவும் கூடாது!"

"சண்டை போடுறதே நீதானடி," என்றார் பக்கத்துக் காம்பராச் சித்தி. வாய்தான் அப்படி. மறு நிமிடமே தன் கம்பளியையும், கொழுந்து பறிக்கையில் இடுப்பில் கட்டுகிற படங்கையும் கொண்டுவந்து என் சுவரில் தொங்கவிட்டார். எதிரொலி அடங்குமாம். அவரைப் பார்த்து லயமே படங்கும் கம்பளியுமாக வந்துவிட்டது. சேவலைக்கூடக் கூடை போட்டு மூடினார்கள்.

பாடினேன். போட்டுக் கேட்டேன். அதே கரகரப்பு. அடச் சீ! அழுகையே வந்துவிட்டது. மைக்தான் பழுது என்று முடிவுகட்டி, மறுநாளே வேலையைப் போட்டுவிட்டுப் பதுளைக்கு பஸ் ஏறினேன். நானா என்று நாங்கள் கூப்பிடுகிற கடைக்காரரிடம் வாசலிலேயே சண்டையை ஆரம்பித்தேன். அவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பதிவைக் கேட்டார்.

"தங்கச்சி, பாடுற நேரம் பெட்டியில செவப்பு லைட் எரிஞ்சிச்சா?"

"எரிஞ்சிச்சு. நல்லாப் புடிக்குதுன்னு நெனச்சேன்."

"கேய்ன, அதான் சத்தத்தக் கூட்டுற இந்தத் திருகிய, முழுசாத் திருப்பி வச்சிருக்கீங்க. சத்தம் கூடித் தாங்காம உடையுது. அதத்தான் கிளிப்பிங்னு சொல்ற. மைக்ல ஒரு பிழையும் இல்ல. அது சரி, யாரக் கூப்புட இப்பிடிக் கத்துறீங்க?"

வெட்கம் பிடுங்கித் தின்றது. அவர் கேட்டதும் நியாயம்தான். மலையில் பாடிப் பழகிய தொண்டை என்னுடையது. அடுத்த மலையில் நிற்கிறவளுக்குக் கேட்காவிட்டால் எங்களுக்கு அது பாட்டே இல்லை. மைக் ஒரு சாண் தூரத்தில் இருப்பதை என் தொண்டை நம்பவேயில்லை.

வியாழக்கிழமை வேலை விட்டு வந்ததும் மறுபடி படங்குகள் ஏறின, சேவல் கூடைக்குள் போனது. கேய்னைப் பாதிக்குக் கீழே இறக்கினேன். சித்தியை எதிரே உட்காரவைத்து, அவருக்கு மட்டும் சொல்வதுபோலப் பாடினேன். கடைசிவரை பச்சை விளக்குதான். போட்டுக் கேட்டபோது ஒவ்வொரு சொல்லும் துலக்கமாக வந்தது. என் குரல் இவ்வளவு அழகா! சித்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னொருக்காப் போடு," என்றார். அன்றைக்கே அனுப்பிவிட்டேன்.

அடுத்த வாரம் கொழுந்து நிறுக்க வரிசையில் நிற்கும்போது வானொலியிலிருந்து அழைப்பு வந்தது. ஞாயிறு காலை என் பாட்டைப் போடுகிறார்களாம்.

"பதிவு ரொம்பச் சுத்தமா இருக்கு. எந்த ஸ்டூடியோவுல செஞ்சீங்க?"

"நாலாம் லயம், ரெண்டாம் காம்பரா!" என்றேன், கேய்னை முழுசாகத் திருப்பி. அடுத்த மலையிலிருந்து யாரோ பதிலுக்குக் கூவினார்கள்.