உடைக்காத நத்தைக்கு ‘இல்லை’ என்று எழுதினேன்

1. மேஜை மேல் ஈரல்

கால்நடை மருத்துவமனை லேபில் பத்தொன்பது வருடமாக வேலை செய்கிறேன். போன மாதம்தான் ஒருவர் என் முகத்துக்கு நேராகக் கத்தினார். செஞ்சிக்குப் பக்கத்து ஏரிக்கரை ஊரில் ஆடு வளர்க்கும் கோவிந்தன் அண்ணன். செத்த ஆட்டை டிவிஎஸ்ஸில் கட்டிக்கொண்டு வந்திருந்தார். அறுத்துப் பார்த்தோம். ஈரல் முழுக்க ரத்தம் கட்டிய கோடுகள். அழுத்தினால் இலை மாதிரி தட்டையான புழுக்கள் வெளியே வந்தன.

“நாலாவது ஆடும்மா இது. நீதான ஏரியில மேய எறக்கலாம்னு சொன்ன? இப்ப இன்னா சொல்ற?”

சொன்னது நான்தான்.

2. பாட்டில் டெஸ்ட்

ஈரல் புழு நத்தைக்குள் வளர்ந்துதான் ஆட்டுக்கு வரும். அதனால் தண்ணீர் வற்றும் சமயம் ஏரி நத்தைகளைப் பரிசோதிப்போம். அந்த ஆடு சாவதற்கு இரண்டு மாதம் முன் அங்கே இருபது நத்தை பொறுக்கினேன். “நத்தய புடிச்சினு போயி கறி வெக்கப் போறியா? எனக்கும் ஒரு கிண்ணம் குடு” என்று கோவிந்தன் அண்ணன் கிண்டல் செய்தார்.

முறைப்படி இரண்டு வேலை. ஒன்று, நத்தையைத் தண்ணீர் பாட்டிலில் போட்டு லைட் அடியில் வைப்பது. வால் வைத்த குஞ்சுப் புழு, அதாவது செர்கேரியா, வெளியே நீந்துகிறதா என்று பார்ப்பது. இரண்டாவது, நத்தையின் ஓட்டை நசுக்கி உள்ளே பார்ப்பது. இரண்டாவது நாற்றமெடுக்கும், ஒரு நாள் போய்விடும். எங்கள் லேபில் அதை விட்டே பல வருடம். எங்கள் கால்நடை டாக்டருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். மத்தியானத்துக்குள் எதுவும் நீந்தவில்லை. ‘இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

3. உள்ளே

ஆடு வந்த மறுநாள் அதே கரையில் நத்தை எடுத்து வந்து நசுக்கினேன். நல்ல நத்தையின் செரிமானச் சுரப்பி கரும்பழுப்பாக, குழாய்கள் நெருக்கமாக அடுக்கியிருக்கும். இதில் அது வெளுத்த மஞ்சளாக இருந்தது, தொட்டதும் கூழானது. மைக்ரோஸ்கோப்பில் வைத்தால் குழாய்களுக்கு நடுவே ரீடியா. செர்கேரியாவுக்கு முந்தைய நிலை. அதற்கு வாய் உண்டு. அது தின்ற நத்தைச் சதை அதன் குடலில் பழுப்பாகத் தெரிந்தது. சுவர் செல்கள் உரிந்து, குழாய்கள் நசுங்கி, பல இடத்தில் வெறும் ஓட்டை. முட்டை உண்டாகும் பகுதியையும் காணோம். இத்தனைக்கும் அந்த நத்தை காலையில் பாட்டில் சுவரில் நன்றாக ஊர்ந்துகொண்டிருந்தது. செர்கேரியா முதிரவில்லை, அதனால் எதுவும் வெளியே வரவில்லை. அவ்வளவுதான். பாட்டிலில் எதுவும் நீந்தாவிட்டாலும் உள்ளே புழு இருக்கலாம் என்பது எனக்கு அன்று புதிதாகத் தெரிந்ததல்ல. அதுதான் ஆத்திரம்.

4. அல்லி மாலை

சாயங்காலம் ஆறாவது படிக்கும் என் மகள் நிவேதாவிடம் கேட்டேன். லீவுக்கு அந்த ஊரில்தான் பெரியப்பா வீட்டில் இருந்தாள். “ஏரிக்குப் போனியா?”

“தினமும் போனோம்மா. அல்லி மாலை செஞ்சோம்.”

அல்லித்தண்டைப் பல்லால் கடித்து ஒடித்து, நாரை உரித்து மாலை செய்வார்கள். நத்தையை விட்டு வரும் குஞ்சுப் புழு தண்ணீர்ச் செடித் தண்டில்தான் ஒட்டி, கூடு கட்டிக்கொண்டு காத்திருக்கும். வாய்க்குள் போனால் ஆட்டு ஈரலா, பிள்ளை ஈரலா என்று பார்க்காது.

“ஏம்மா அழற? நீதான ஏரி நல்லாருக்குன்னு பெரியப்பாகிட்ட சொன்ன?”

மறுநாள் டாக்டரிடம் பழைய ரிப்போர்ட்டைத் திருத்த வேண்டும், ஊருக்கு எச்சரிக்கை கொடுக்க வேண்டும் என்றேன்.

“டென்ஷன் ஆவாதம்மா. மனுஷனுக்கு வர்றது ரேர். முடிஞ்சு போன ரிப்போர்ட்ட ஏன் நோண்டுற? மேல இருந்து கேள்வி வரும்.”

“உங்க பொண்ணு கடிச்சிருந்தா ரேருன்னு சொல்லுவீங்களா சார்?”

அவர் ஃபைலைத் திறந்துகொண்டார். நான் ரிஜிஸ்டரில் சிவப்பு மையால் ‘இல்லை’யை அடித்து, ‘உடைத்துப் பார்க்கவில்லை’ என்று எழுதித் தேதி போட்டேன். நேரே ஏரிக்கரை ஊருக்குப் போய்ச் சொன்னேன். “ரெண்டு மாசம் கழிச்சி வந்து சொல்றா பாரு” என்றார் கோவிந்தன் அண்ணன். திட்டிக்கொண்டே மீதி ஆடுகளுக்கு மருந்து வாங்கிக்கொண்டார்.

நிவேதாவுக்கு இன்றுவரை காய்ச்சல் இல்லை, வயிற்று வலி இல்லை. புழு வளர்ந்து முட்டையிட மூன்று நான்கு மாதம் ஆகும், அதற்குப் பிறகுதான் மலப் பரிசோதனையில் தெரியும் என்கிறார் அவளைப் பார்க்கும் டாக்டர். தினமும் அவள் கண் மஞ்சளாக இருக்கிறதா என்று பார்க்கிறேன். அவளுக்கு எரிச்சல் வருகிறது.

லேபுக்குப் புதிதாக வரும் பிள்ளைகளே, நத்தையை நசுக்க நேரமில்லை என்றால் நேரமில்லை என்றே எழுதுங்கள். திட்டு விழும், வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் ‘இல்லை’யை நம்பி ஒருவர் ஆட்டை இறக்குவார், ஒரு பிள்ளை தண்ணீரில் இறங்கும்.