மாட்டுவண்டியில் கப்பல் சமையல்

மேட்டூர் அணை திறந்த பவ ஆண்டின் தை மாதம் அது. அதற்கடுத்த தை என்பாள் என் மனைவி. எங்கள் மேட்டாங்காட்டுக் கிணறு இரண்டாம் முறை வற்றிய சில மாதங்களில் நடந்தது இது; கிணறு வற்றியது பவ ஆண்டில்தான். ஆகையால் என் கணக்கே சரி.

கிணறு வற்றியபின் நாமக்கல் வந்து, மனைவியின் அண்ணனிடம் கப்பல் பண்டாரி வேலை பழகினேன். பண்டாரி என்றால் கப்பலில் சமைப்பவர். மச்சான் நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு போகும் கப்பலில் பல காலம் பொங்கிப் போட்டவர். முதுகு பிடித்துக்கொண்டதால் ஊர் திரும்பிச் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். எங்கள் பக்கம் கடல் ஏது? அலையாட்டத்துக்குப் பதிலாக, மொட்டை வண்டியில் இரும்பு அடுப்பைக் கட்டி, எருமப்பட்டிப் பாதையின் பள்ளமேடுகளில் மாடுகளை ஓட்டுவார். பின்னால் உட்கார்ந்து நான் சோறாக்க வேண்டும். புகையில் கண் எரியும், இடுப்பு விட்டுப்போகும். இறங்கினால் கடையில் மசாலா அரைக்கும் வேலை காத்திருக்கும்.

"இதுக்கே இடுப்பப் புடிச்சா எப்படிங்க மாப்ளே? இங்க குழி தாண்டுனா தீந்துது. கடல்ல குழி கூடவே வருமுங்க" என்பார்.

அவர் விதி ஒன்றுதான்: தவலையில் அரிசியும் தண்ணீருமாகப் பாதிக்கு மேல் ஏறக்கூடாது. ஆள் அதிகமானால் இரண்டாம் உலை வைக்க வேண்டும்.

அந்தத் தையில், மலைமேல் இருக்கும் தர்காவுக்கு நேர்ந்திருந்ததைச் செலுத்த வந்தார் மச்சானுடைய பழைய கப்பலின் சாரங்கு. சாரங்கு கப்பலாட்களுக்குத் தலைவர். அவர் சொன்னால் சமையலுக்கு ஆள் எடுப்பார்கள். என் கைவேலையைப் பார்க்க வண்டியிலேயே ஏறிக்கொண்டார். தேறினால் மாசியில் கப்பல். தவறினால் அடுத்த தை வரை இதே வண்டி, இதே புகை.

கடை வாசலில் நின்ற வண்டியிலேயே உலை கொதித்தது. அரிசியைப் போட்டுவிட்டுத் தேங்காய் எடுக்க உள்ளே போனேன். திரும்பி வந்து, தவலை மூடியின் மேல் கயிற்றைக் கட்டிப் புறப்பட்டோம். முதல் பள்ளத்திலேயே கஞ்சி மூடியைத் தள்ளிக்கொண்டு வழிந்து அடுப்பை அணைத்தது. சாரங்கு சட்டென்று காலை இழுத்துக்கொண்டார்.

வண்டியைத் திருப்பினோம். மனைவி வாசலில் நின்றாள்.

"நான்தானுங்க இன்னும் ரெண்டு படி போட்டேன். கப்பல்ல இருந்து வந்த மனுசனுக்கு அரைத் தவலைச் சோறா? நாலு பேரு என்ன பேசுவாங்க?"

"தண்ணி?" என்றேன்.

"அதுவுந்தானுங்க."

"அட சாமி!" என்று மச்சான் நுகத்தடியில் சாய்ந்தார். அவளைக் குறை சொல்ல வழியில்லை. பஞ்சத்திலும் எங்கள் பக்கத்தில் விருந்தாளியின் கண்ணெதிரே பாத்திரம் குறைந்திருக்கக் கூடாது.

சாரங்கு சிரித்தார். "தங்கச்சி நல்ல மனசுலதான் செஞ்சிருக்கு. ஆனா தம்பி, மூடியத் தொறந்து பாக்காம நீ கயிறு கட்டினா, கப்பல்ல பக்கத்துல நிக்கிறவன் கால் வெந்துபோகும். அடுத்த வருசம் பாப்போம்."

அந்தச் சோற்றையே மறுபடி அடுப்பேற்றிச் சாப்பிட்டோம். சாரங்கு மூன்று முறை சோறு வாங்கினார்.

"பாத்தீங்களா? அரைத் தவலைன்னா பத்தியிருக்குமா?" என்றாள் மனைவி.

கோபப்படவும் எனக்குத் தெம்பில்லை. சாரங்கை வழியனுப்பிவிட்டு வந்த மச்சான் மாடுகளை அவிழ்க்கவில்லை.

"ஏறுங்க மாப்ளே."

தவலையைக் கழுவி, பாதிக்கும் கீழே தண்ணீர் ஊற்றிக்கொண்டு ஏறினேன்.