சரஸ் அக்கா வீட்டுக் கக்கூஸ்

1. காலைக் கழுவிவிட்டு உள்ளே வா

பாத்ரூம் வேலைக்குப் போன இடத்தில், பாத்ரூமுக்குள் நுழையும் முன் காலைக் கழுவச் சொன்ன வீடு என் அனுபவத்தில் ஒன்றுதான். மலேசியாவில், ஈப்போவை அடுத்த சிம்பாங் பூலாய் பக்கத்தில் விற்றுப்போன ஒரு ரப்பர் தோட்டத்தில் அது நடந்தது. லயத்தில், அதாவது பழைய தொழிலாளர் வரிசை வீடுகளில், இருந்த குடும்பங்களுக்கு ஒரே வரிசையில் சின்னச் சின்ன வீடுகள் கட்டிக் கொடுத்தார்கள். அங்கே நான் பைப் வேலை பார்த்தேன்.

எங்கள் கன்ட்ராக்டர் ஒரு சீனர். முதலாளி என்ற அர்த்தத்தில் தவுக்கே என்றுதான் கூப்பிடுவோம். தோட்டத்துக் கடைக்காரர் மகன். தமிழை எங்களைவிட வேகமாகப் பேசுவார். ஏதோ ஒரு ஹோட்டல் வேலையில் மிஞ்சிய டைல்ஸ் அவரிடம் கிடந்தது, வெள்ளையில் தங்கக் கோடு ஓடும் ரகம். அதையெல்லாம் இந்த வீடுகளின் பாத்ரூமில் ஒட்டித் தீர்த்தார். மற்ற அறைகளுக்கு வெறும் சிமெண்ட் பூச்சு. யாரோ பெரிய மனிதர் வந்து சாவி கொடுக்க நாள் குறித்துவிட்டார்கள். கக்கூஸ் கோப்பைகள் அதற்குள் வந்து சேரவில்லை. அதனால் தங்கக் கோட்டு அறையின் தரையில் பைப் வாய் மட்டும், மூடி போட்டபடி, ஒரு சாண் உயரத்துக்கு நீட்டிக்கொண்டிருந்தது. அப்படியே குடும்பங்கள் குடிவந்துவிட்டன. பழைய பொதுக் கக்கூஸ் பின்னால் இருந்தது, ஆகவே யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

கோப்பைகள் வந்ததும் வீடு வீடாக வைத்துக்கொண்டே போனேன். சரஸ் அக்கா வீட்டுக்கு வந்தபோது பாத்ரூம் கதவில் மாவிலை தொங்கியது.

"காலைக் கழுவிட்டு உள்ள வா தம்பி" என்றார் அக்கா.

கழுவிவிட்டு எட்டிப் பார்த்தேன். முருகன், அம்மன், பிள்ளையார் படங்கள் டைல்ஸ் சுவரில் சாய்ந்து நின்றன. பைப் வாய் மூடியின் மேல் மஞ்சள் துணி விரித்துக் காமாட்சி விளக்கு ஏற்றியிருந்தது. சுற்றிலும் கோலம்.

"என்னக்கா இது? இது பாத்ரூம்கா."

"பாத்ரூமா? பாத்ரூமுக்கு யாராச்சும் தங்கக் கோடு போடுவாங்களா? சாமி ரூம்னு நெனச்சுத்தான் போட்டிருக்காங்க. இங்க பாரு, குழாய் பக்கத்துலயே இருக்கு. அபிஷேகம் பண்ணினா தண்ணி தானா ஓடி அந்த ஓட்டைல போவுது. விளக்கு வைக்க மேடை கூட கட்டி வச்சிருக்கான் பாரு, மவராசன்."

மேடையை வைத்த மகராசன் நான்தான். எனக்குச் சிரிக்கவும் தகுதி இல்லை. அந்த வீடுகளைக் கட்டும்போது ராத்திரி நாங்கள் படுத்ததே அந்த அறைகளில்தான். டைல்ஸ் ஜில்லென்று இருக்கும். கதவைச் சாத்தினால் கொசு வராது. அதற்கு முன் லூமுட்டில் மீன் ஐஸ் பெட்டி மூடியின் மேல் படுத்திருக்கிறேன். தைப்பிங்கில் பழைய இரும்புக் கடையில், மழை ஒழுகாத பக்கமாகத் தினமும் இடம் மாற்றிப் படுத்திருக்கிறேன். அந்தக் கணக்கில் சரஸ் அக்கா வீட்டுப் பாத்ரூம் எனக்கு முதல் தர அறை. நான் தூங்கிய இடத்தில் இப்போது முருகன் இருந்தார், அவ்வளவுதான்.

2. மணியண்ணனின் கால்

சும்மா விட்டுவிட்டுப் போயிருப்பேன். விட முடியாத காரணம் அக்காவின் வீட்டுக்காரர் மணியண்ணன். லோரியில் செம்பனைக் குலை ஏற்றுகிற வேலை அவருக்கு. லோரியிலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே முழுக் காலுக்கும் மாவுக்கட்டு போட்டு ஈப்போ ஆஸ்பத்திரியில் கிடந்தார். மறுநாள் வீட்டுக்கு வருகிறார். காலை மடக்க முடியாது, குந்த முடியாது. பழைய பொதுக் கக்கூஸை அன்று காலையில்தான் ஜேசிபி வந்து தள்ளிவிட்டுப் போயிருந்தது.

அக்காவின் போனில் அவரோடு பேசினேன்.

"தம்பி, வார்டுக்கு வந்ததுலேர்ந்து எனக்குப் போகல. சுத்தி ஆளுங்க. கட்டிலுக்குக் கீழ தட்டு வைக்கிறாங்க. மானம் போவுது. வீட்டுக்குப் போனா வந்துரும்னு டாக்டர்கிட்ட சொல்லிட்டேன். எங்கயாச்சும் ஒண்ண வச்சு வுடு. உனக்குப் புண்ணியமாப் போவும்."

போனை வாங்கி அக்கா சொன்னார்: "வெளிய வைக்கச் சொல்றேன். சும்மா இரு."

வெளியே இடம் இல்லை. பின்பக்கம் மேன்ஹோல் போக ஒரு ஆள் நடக்கிற சந்துதான்.

"வீட்டுக்குள்ள கக்கூஸாம்" என்று என்னிடம் திரும்பினார். அக்கா ஈப்போவில் ஒரு ஷாப்பிங் காம்ப்ளெக்ஸில் கக்கூஸ் கழுவுகிறவர். "நாலு மாடி கழுவிட்டு வாரேன் தம்பி. மனுசன் என்னென்ன செய்வான்னு எனக்குத் தெரியும். அதை உலை கொதிக்கிற வீட்டுக்குள்ள வைக்கணுமா? அப்புறம் வேலைக்கும் வீட்டுக்கும் என்ன வித்தியாசம்?"

3. தவுக்கே வந்தார்

தவுக்கேவைக் கூப்பிட்டேன். ஒரே வீட்டுக்காக எல்லா வேலையும் நிற்கிறதே என்று வரும்போதே கத்திக்கொண்டு வந்தார்.

"அக்கா, இது என்னலா? நான் கக்கூஸ் கட்டுனா நீ கோயில் கட்டுறியா? எடு, எடு, எல்லாத்தையும் எடு!"

கதவைத் தள்ளினார். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தவுக்கேயின் குரல் இறங்கியது. தொப்பியைக் கழற்றினார். இரண்டு கையையும் கூப்பி மூன்று தடவை ஆட்டிவிட்டு, பின்பக்கமாகவே நடந்து வெளியே வந்தார்.

"சாமி இருக்குலா" என்றார் என்னிடம், நான்தான் வைத்ததுபோல.

"இருக்கு தவுக்கே. நீங்க சொன்னா எடுத்துரலாம்."

"நீ பைத்தியமா? அது உக்காந்தாச்சு. நான் எழுப்ப மாட்டேன். நீயும் எழுப்பாதே. அப்புறம் அடுத்த வேலையில ஆள் விழுவான்."

"அப்ப அண்ணனுக்கு?"

மூன்று பேரும் வீட்டைச் சுற்றிப் பார்த்தோம். நான் சமையலறை மூலையைக் காட்டினேன்.

"சோறு பக்கத்துலயா? மாடு கூட அப்படிச் செய்யாது" என்றார் அக்கா. எப்படியும் அங்கிருந்து இழுத்தால் பைப்புக்குச் சரிவு கிடைக்காது. ஹாலைக் காட்டத் தவுக்கேவுக்கே தைரியம் வரவில்லை. மிஞ்சியது படுக்கையறை. வீட்டிலேயே பெரிய அறை. இரண்டு ஜன்னல், மேலே மின்காற்றாடி. பின்சுவரை உடைத்தால் நேராக மேன்ஹோல்.

"அதுல வச்சுக்க" என்றார் அக்கா, உடனே.

"அக்கா, அது படுக்கிற ரூம்."

"லயத்துல எப்பவும் ஹால்லதான் படுத்தோம். இங்கயும் ஹால்லதான் படுக்குறோம். அந்த ரூம்ல என்ன இருக்கு, ஒரு கட்டிலு."

"வீட்டுக்குள்ள வேணாம்னீங்களே?"

அக்கா அந்த அறையை எட்டிப் பார்த்தார். "அந்த ரூமை வீட்டுல சேர்க்காம வுட்டுட்டாப் போச்சு."

அவ்வளவுதான். வாசலில் கிடந்த ஒரு ஜோடி ஜப்பான் ரப்பர் செருப்பைக் கொண்டுவந்து படுக்கையறை நிலைப்படியில் வைத்தார். அந்த நிமிடத்திலிருந்து வீடு நிலைப்படியோடு முடிந்தது. உள்ளே போகிறவர் வெளியே போகிறார் என்று அர்த்தம். தவுக்கே பிளானை விரித்துப் பார்த்தார், மடித்துச் சட்டைப் பைக்குள் திணித்தார். "யாராச்சும் கேட்டா எனக்குத் தெரியாது" என்றார்.

கட்டிலை வெளியே போட்டோம். சுவரை உடைத்தேன். மறுநாள் மதியத்துக்குள் கோப்பை உட்கார்ந்தது. அறைக்கு நடுவில் இல்லை, பின்சுவர் ஓரம்தான். ஆனாலும் அவ்வளவு பெரிய அறையில் அது தனியாக, திருவிழாவில் தொலைந்த பிள்ளைபோலத் தெரிந்தது.

4. வந்துச்சா?

மணியண்ணனை வேனில் கொண்டுவந்தார்கள். சக்கர நாற்காலியை ஹாலில் நிறுத்தவே விடவில்லை. "நேரா போலாம், நேரா போலாம்" என்றார். தூக்கி உட்கார வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, ஹாலில் அக்காவும் தவுக்கேயும் நானும் காத்திருந்தோம்.

"வந்துச்சா?" என்றார் அக்கா கதவைப் பார்த்து.

"இல்ல."

"மெதுவா, மெதுவா."

கொஞ்ச நேரம் போனது.

"காத்தாடியை நிறுத்துடீ. முதுகுல அடிக்குது."

நிறுத்தினோம். பிறகு ஜன்னலை மூடச் சொன்னார். மூடினோம். கடைசியில் என்னைக் கூப்பிட்டார். உள்ளே போனேன். மேலே துண்டைப் போட்டுக்கொண்டு, வேர்த்துப்போய் உட்கார்ந்திருந்தார்.

"தம்பி, கோவிச்சுக்காத. நல்லாத்தான் வச்சிருக்க. ஆனா இது என்னமோ சபையில உக்காந்த மாதிரி இருக்கு. நாலு பக்கமும் சுவரு எங்கயோ இருக்கு. பயமா இருக்குய்யா."

எனக்குப் புரிந்தது. லயத்துக் கக்கூஸில் முட்டி கதவில் இடிக்கும். உள்ளே திரும்பக்கூட முடியாது. அங்கேதான் அவர் வாழ்நாள் முழுக்கப் போயிருக்கிறார். உடம்பு அந்த அளவைத்தான் கேட்கிறது. டாக்டர் கொடுத்த மருந்து அதற்கு என்ன செய்யும்? ஆனால் கேலியாகப் பார்க்கவும் முடியவில்லை. இன்னும் போகாவிட்டால் சாயங்காலம் திரும்பக் கூட்டி வாருங்கள், குழாய் வைத்துத்தான் எடுக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அந்த மனிதருக்கு அழுகை வந்துவிட்டது.

தவுக்கேயின் லோரியில் பிளைவுட் கிடந்தது. இரண்டு பலகையை இரண்டு பக்கமும் நிறுத்தினோம். வலது பக்கம் நான், இடது பக்கம் தவுக்கே.

"இன்னும் கிட்ட" என்றார் அண்ணன்.

நகர்த்தினோம்.

"இன்னும். தோள்ல படணும்."

"நீ கக்கூஸ் போறியா, பெட்டில படுக்கிறியா?" என்றார் தவுக்கே.

"முன்னால கதவு வேணும். மூஞ்சிக்கு நேரா."

அங்கேதான் சிக்கல். மாவுக்கட்டுக் கால் மடங்காமல் நேராக நீட்டிக்கொண்டிருந்தது. முன்பலகையைக் கிட்டக் கொண்டுபோனால் கால் இடித்தது. தவுக்கே சுவர்ப்பக்கம் போய் நின்று கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். பிறகு அவரே பென்சிலை எடுத்துப் பலகையில் ஒரு வட்டம் போட்டார். நான் ரம்பத்தால் அறுத்தேன். காலை ஓட்டையில் விட்டுப் பலகையை நெருக்கி, சுற்றிலும் கயிறு கட்டினோம்.

வெளியே வந்து திரும்பிப் பார்த்தேன். காற்றாடியும் இரண்டு ஜன்னலும் உள்ள பெரிய அறை. ஓரத்தில் ஒரு பலகைப் பெட்டி. பெட்டியிலிருந்து ஒரு வெள்ளைக் கால் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. கட்டைவிரல் ஆடியது.

"இப்பச் சரி" என்று பெட்டிக்குள்ளிருந்து குரல் வந்தது. "எல்லாரும் போங்க."

போனோம். அக்கா சாமி அறைக் கதவுக்கு முன்னால் போய் நின்றுகொண்டார். தவுக்கேயும் கூட நின்றார். கொஞ்ச நேரத்தில் ஃபிளஷ் சத்தம் கேட்டது. அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுப்படிக்குப் போய்க் காப்பிக்குத் தண்ணீர் வைத்தார்.

5. கற்றுக்கொண்டது

அந்த வேலைக்குப் பிறகு நான் எங்கெங்கோ போய்விட்டேன். இப்போது ஈப்போவில் சொந்தமாகப் பைப் வேலை செய்கிறேன். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். அளவு டேப்பை எடுப்பதற்கு முன் வீட்டுக்காரரிடம் ஒரு நாற்காலி கேளுங்கள். யார் உபயோகிக்கப் போகிறாரோ அவரையே அதில் உட்காரச் சொல்லுங்கள். அவர் நாற்காலியை அப்படி இப்படி இழுத்துப் போடுவார். ஜன்னல் வேண்டும் என்பார், வேண்டாம் என்பார். முகம் லேசாகிற இடத்தில் சாக்பீஸால் கோடு போடுங்கள். அந்த இடம் உங்களுக்கு அசிங்கமாகத் தெரியலாம். கைலிக்காரர், கோட்டுக்காரர் எல்லாரிடமும் இப்படித்தான் செய்கிறேன். சிலர் சிரிப்பார்கள். உட்கார்ந்த பிறகு யாரும் சிரிப்பதில்லை.

பைப்புக்குச் சரிவு கொடுப்பது நம் பொறுப்பு. மற்றதெல்லாம் உட்காருகிறவர் பொறுப்பு.