பிலோமினா மடத்தை விட்டுப் போன நாள்

பிலோமினா இறந்துவிட்டாள். ஜவளகிரியிலிருந்து அவள் மகன் காலையில் போன் செய்து சொன்னான்.

எனக்கு வயது எண்பத்தேழு. பேனா பிடித்து எழுத முடிவதில்லை. நான் சொல்லச் சொல்ல எங்கள் மடத்து இளைய சிஸ்டர் ஒருவர் டைப் செய்கிறார்.

ஐம்பதுகளில் ஜவளகிரியில் எங்கள் இருவர் வீடும் ஒரே சந்தில். கன்னியர் மடத்தில் சேர வேண்டும் என்று முதலில் சொன்னது அவள்தான். நான் ‘நானும்’ என்றேன். அப்போதைக்கு அவ்வளவுதான் என் தேவ அழைத்தல்...

அவளுக்கு மத்தூரில் மாப்பிள்ளை பேசி வைத்திருந்தார்கள். வேண்டாம் என்று அவள் சொன்னதை அவள் நைனா காதில் வாங்கவே இல்லை. மாப்பிள்ளையின் அம்மா பூ வைக்க வந்த அன்று, பிலோ நேராக அவர் முன்னால் போய் நின்றாள்.

“அத்த, உங்க மேல ஒரு கொறையும் இல்லீங்க. நான் மடத்துக்குப் போறேன். எங்க நைனா சொல்ல மாட்டாரு, அதான் நானே சொல்றேன்.”

அந்த அம்மாள் கொண்டு வந்த பூவைத் திரும்ப எடுத்துக்கொண்டார். “இப்பவாச்சும் சொன்னியே, அது வரைக்கும் நல்லதும்மா” என்று எழுந்து போய்விட்டார்.

எங்களுக்குப் பதினெட்டு வயது. எல்லையைத் தாண்டி, பெங்களூர்ப் பக்கம் ஒரு மடம். சமையல்கட்டில் கன்னடம், பூசையில் லத்தீன், மதர் பேசுவது இங்கிலீஷ். பிலோ எல்லாவற்றையும் சீக்கிரமே பிடித்துக்கொண்டாள். நான் அவளைப் பார்த்துப் பார்த்தே எல்லாம் செய்தேன்... எழுவது, மண்டியிடுவது, சாப்பிடுவது.

ஒரு வருடம் ஓடியது. நாங்கள் துறவற உடுப்பு வாங்க ஒரு வாரம் இருந்தது. துணி துவைக்கும் கல் பக்கத்தில் வைத்துச் சொன்னாள்.

“ஆரோக்கி, நான் வீட்டுக்குப் போறேன்.”

“ஏன்டி, யாராச்சும் ஏதாச்சும் சொன்னாங்களா?”

“யாரும் ஒண்ணும் சொல்லல. சாமி என்னை இங்க கூப்புடலடி. இத்தனை நாளா கேட்டுப் பாத்துட்டேன். எனக்குக் குடும்பம் வேணும், புள்ளைங்க வேணும். அத மறைச்சிகிட்டு எப்புடி வார்த்தைப்பாடு குடுக்கிறது?”

மதரிடமும் போய் இதையே சொன்னாள். இன்னும் ஆறு மாதம் இருந்து பார் என்றார் அவர். இவள் மாட்டேன் என்றுவிட்டாள்.

அவள் கிளம்பிய காலையில் நானும் என் டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கேட் வரை வந்துவிட்டேன். வழியை மறித்து நின்றாள்.

“எனக்காகத்தான் இங்க வந்தியா?”

“ஆமா” என்றேன். உண்மை அதுதான்.

“அப்ப நான் இல்லாம ஒரு மாசம் இருந்து பாரு. அப்பவும் வரணும்னா வா. நானே பஸ்ஸுக்கு வந்து நிக்கிறேன்.”

பெட்டியை உள்ளே தூக்கி வந்தேன். பத்து நாள் அழுதேன். பிறகு ஒரு காலையில், யாரையும் பார்க்காமல் நானாகவே மண்டியிட்டிருக்கிறேன் என்பதைக் கவனித்தேன்.

மாதம் முடிந்ததும் கடிதம் போட்டேன். ‘பஸ்ஸுக்கு வர வேண்டாம். இருக்கிறேன்.’

ஊரில் அவள் பட்டது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. மடத்தில் துரத்திவிட்டார்கள் என்று பேச்சு. அவள் நைனா இரண்டு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. கோயிலில் பெண்கள் தள்ளி உட்கார்ந்தார்கள்.

ஒரு ஞாயிறுகூட அவள் பூசையை விடவில்லை. பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லித் தர நான் வரட்டுமா என்று பங்குச் சாமியாரிடம் அவளே கேட்டிருக்கிறாள்.

“ஜனங்க பேசுவாங்களேம்மா.”

“பேசட்டும் சாமி. புள்ளைங்களுக்கு ஒரு ஜெபமும் தெரியலையே.”

அடுத்த ஞாயிறே ஆரம்பித்துவிட்டாள். கடைசி வரை நிறுத்தவில்லை.

இரண்டு வருடம் கழித்து, துறவியாக வாழ்வேன் என்று நான் கொடுத்த முதல் வார்த்தைப்பாடு. எங்கள் ஊரிலிருந்து வந்தவள் அவள் ஒருத்திதான். பச்சைப் புடவை, ஐந்து மாத வயிறு, பக்கத்தில் தளியில் தையல் கடை வைத்திருந்த அவள் கணவர். தான் விட்டுப்போன அதே மடத்துக்குள், முன்வாசல் வழியாக...

மதர் அவளைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டார். எனக்குப் பயமாக இருந்தது. இவள் போய் வணக்கம் சொன்னாள்.

“சந்தோஷமாக இருக்கிறாயா?” என்று இங்கிலீஷில் கேட்டார் மதர்.

“இருக்கேன் மதர்” என்று தமிழிலேயே சொன்னாள்.

மதர் தன் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு, உட்கார் என்றார்.

நாளை காலை பத்து மணிக்கு ஜவளகிரியில் அடக்கம். இந்த முட்டியை வைத்துக்கொண்டு பயணம் வேண்டாம் என்கிறார் டாக்டர். கார் சொல்லிவிட்டேன்.

போய் வா பிலோ. உனக்கான ஜெபத்தை அங்கே வந்து நானே சொல்கிறேன்.