கசக்ஸ்தானில் குதிக்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

வானத்திலிருந்து குதிக்கிறவர்களுக்குக் கைதட்டுவார்கள். அந்தத் துணியை மடித்துக் கொடுத்தவளிடம் கழிப்பறை எந்தப் பக்கம் என்று கேட்பார்கள். பரசூட் மடிக்கிற தொழிலின் மரியாதை இவ்வளவுதான்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். ஜெர்மனிக்கு வந்து கூடாரம் தைக்கும் பட்டறை ஒன்றில் இருந்தேன். அது மூடப்பட்ட பிறகு, கெல்சென்கிர்ச்சனுக்கு வெளியே ஒரு சிறிய விமானத் திடலில் பரசூட் மடிக்கச் சேர்ந்தேன். மடித்த ஒவ்வொன்றுக்கும் கணக்கு வைத்திருக்கிறேன். நான் ஒருமுறையும் குதித்ததில்லை. ஏன் என்று கேட்காதீர்கள், எல்லோரும் கேட்கிறார்கள்.

போன கோடையில் எங்கள் திடலிலிருந்து ஒரு குழு கசக்ஸ்தானுக்குப் போனது. அங்கே பழைய பெரிய ஹெலிகொப்டரில் ஏற்றிக்கொண்டு போய்க் குதிக்க விடுவார்கள். ஊரெல்லாம் ரஷ்ய மொழி. குழுவில் மற்றவர்கள் ஜெர்மன்காரர், என்னைத் தவிர மூவர் மட்டும் தமிழர். எனக்குத் தமிழ் தெரியும் என்ற குற்றத்துக்காக அந்த மூவரையும் என் தலையில் கட்டினார்கள். வாடிக்கையாளரோடு மாரடிக்கிற எல்லோருக்கும் இது விளங்கும்.

அவர் ஏன் குதிக்க வேண்டும்

குகநாதனுக்குக் கெல்சென்கிர்ச்சனில் மரக்கறிக் கடை. எங்கள் தமிழ்ச் சங்கத்துக்குத் தலைவர் தெரிவு வந்தபோது இவர் நின்றார். எதிரே நின்றவர் இவருடைய சொந்த மச்சான், மனைவி காஞ்சனாவின் அண்ணன். செயற்குழுக் கூட்டத்தில் அந்த மச்சான், "குகனுக்கு ஏணியில ஏறி பல்ப் மாத்தவே கால் நடுங்கும், இவர் எங்கை சங்கத்தைத் தூக்கிறது?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டார்.

குகநாதன் எழும்பி, தான் கசக்ஸ்தானில் நாலாயிரம் மீற்றர் உயரத்திலிருந்து குதிக்கப் போவதாகவும், அந்தப் படத்தைப் பொதுக்கூட்டத்தில் பெரிய திரையில் போடப் போவதாகவும் அறிவித்தார். மண்டபமும் எடுத்தாயிற்று. ஊர் முழுக்க வாட்ஸ்அப்பில் போயாயிற்று. இனிக் குதிக்காமல் வந்தால் தலைவர் பதவி கிடக்கட்டும், கடை வாசலிலேயே அவர் நிற்க முடியாது. பயணத்துக்கு முதல் வாரம் என்னிடம் தனியாக வந்தார். நான் ஏதோ தைரியம் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன்.

"அக்கா, குதிக்காமலே குதிச்ச மாதிரி ஒரு படம் எடுக்கேலாதோ?"

தூள் பற்றி

பரசூட்டைக் கையோடு எடுத்துப் போங்கள், பெட்டிகளோடு போடாதீர்கள். அதற்குள் தானாகத் திறக்க வைக்கிற ஒரு சின்னக் கருவி உண்டு. விமான நிலையத்துச் சோதனையில் அது என்னவென்று கேட்பார்கள். அதற்கென்று ஒரு விளக்க அட்டை இருக்கிறது, அதைக் காட்டினால் போதும். இதையெல்லாம் நான் ஒழுங்காகச் செய்திருந்தேன். ஆனால் பரசூட் பைக்குள் கொஞ்சம் இடம் மிச்சம் இருந்ததைக் காஞ்சனா கண்டுவிட்டார். இடம் மிச்சம் இருக்கிற எந்தப் பையையும் எங்கள் சனம் அப்படியே விடாது. வீட்டில் வறுத்து இடித்த மிளகாய்த்தூள் ஒரு பெரிய பொதி, எனக்குத் தெரியாமல் உள்ளே போயிருந்தது.

கருவியை அந்த அதிகாரி பார்க்கவே இல்லை. பொதியைத் தூக்கினார், மணந்தார். பிறகு அவர் தும்மி முடியும் வரைக்கும் வரிசை முழுவதும் காத்து நின்றது. கண்ணைத் துடைத்துக்கொண்டு ஜெர்மனில் சொன்னார்:

"பரசூட் போகலாம். இதை மட்டும் மேலே வைத்துத் திறக்காதீர்கள்."

தாள்

அங்கே காசு மாற்றுகிற இடத்தில் மடிப்பும் கறையும் இல்லாத தாளைத்தான் வாங்குவார்கள். குகநாதன் தன் யூரோத் தாள்களை நாலாக மடித்து, விபூதிப் பொட்டலத்தோடு சேர்த்துப் பணப்பையில் வைத்திருந்தார். பொட்டலம் வழியிலேயே பிரிந்து, தாளெல்லாம் சாம்பல் பூசியிருந்தது.

கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் ஒவ்வொரு தாளையும் விரித்து, தட்டி, ஊதிப் பார்த்தார். எங்களைக் கூட்டிப் போன விக்டரிடம் ரஷ்ய மொழியில் ஏதோ கேட்டார். விக்டர் அங்குள்ள குதிக்கும் திடலின் பயிற்சியாளர். பயந்தவர்களைத் தன் நெஞ்சோடு கட்டிக்கொண்டு குதிக்கிறவர் அவர்தான். பல வருடம் ஜெர்மனியில் இருந்துவிட்டுத் திரும்பியவர், ஆகையால் ஜெர்மன் நன்றாகப் பேசுவார். அவர் சிரிக்காமல் மொழிபெயர்த்தார்:

"இந்தக் காசை எரிக்கிறதுக்கு முதல் ஏன் கொண்டுவரவில்லை என்று கேட்கிறாள்."

மடிக்கும்போது பேசாதீர்கள்

மூன்றாவது தமிழர் கார்த்திக். டார்ம்ஸ்டாட்டில் பொறியியலாளர், சொந்த ஊர் கோயம்புத்தூர். தனியாகக் குதிக்க உரிமம் எடுத்து அதிக நாள் ஆகவில்லை. நான் தரையில் முழந்தாளிட்டுத் துணியை மடிக்கும்போது இவர் பக்கத்திலேயே குந்தியிருந்து கைபேசியில் படம் எடுப்பார். "ஆன்ட்டி, இந்த ஃபோல்டுக்கு என்ன ரீசன்? நீங்க பேக் பண்ணினதுல ஃபெயிலியர் பர்சன்டேஜ் எவ்வளவு?"

மடிக்கிற நேரம் நான் வாய் திறப்பதில்லை, மடிப்பின் எண்ணிக்கை தவறிவிடும். அடுத்த மடிப்பைப் போட்டேன். அவருக்கு முகம் வெளுத்தது. சரி பாவம் என்று நிமிர்ந்து, "ஒண்டும் நடக்காது தம்பி" என்றேன். இன்னும் வெளுத்தது.

"ஆன்ட்டி, நீங்க பேசலைன்னா பயமா இருக்கு. பேசினா அதைவிட பயமா இருக்கு."

தேசிக்காய்

காஞ்சனா கொண்டுவந்தது தூள் மட்டும் அல்ல. புது வாகனம் எடுத்தால் சில்லுக்கு, அதாவது சக்கரத்துக்கு, கீழே தேசிக்காய் என்கிற எலுமிச்சம்பழத்தை வைத்து நசித்துவிட்டுத்தானே புறப்படுவோம்? கணவர் ஏறப்போகிற ஹெலிகொப்டருக்கும் சில்லு இருக்கிறது என்று கேள்விப்பட்டதும், கெல்சென்கிர்ச்சன் கடையிலிருந்தே நாலு தேசிக்காய் பொறுக்கி எடுத்து வந்திருந்தார். "அக்கா, நீங்கள்தான் இந்த வேலையில இருக்கிறனீங்கள், நீங்கள் கேளுங்கோ" என்று என்னைத் தள்ளிவிட்டார். தெரியாத ஆட்களோடு பேசுவது எனக்கு வராது, ரஷ்ய மொழியும் தெரியாது.

விமானி ஒரு பெரிய மனிதர், தலை நரைத்தவர். அந்தப் பக்கத்து ஆட்கள் காரணம் இல்லாமல் சிரிக்க மாட்டார்கள், அதைக் கோபம் என்று நினைக்காதீர்கள். நான் தேசிக்காயையும் சில்லையும் மாறி மாறிக் காட்டினேன். விக்டர் விளக்கினார். விமானி தேசிக்காயை வாங்கி உருட்டிப் பார்த்தார். சட்டைப்பையிலிருந்து கத்தியை எடுத்தார். ஒன்றை இரண்டாக வெட்டித் தன் தேநீரில் பிழிந்து, ஒரு மிடறு குடித்துவிட்டு, விக்டர் வழியாகச் சொன்னார்:

"சில்லுக்கு வேண்டாம். மீதி மூன்றையும் பத்திரமாக வைத்திருங்கள், நாளைக்கும் தேநீர் குடிப்பேன்."

எந்த ஊர் ராகுகாலம்

முதல் நாள் காற்று. அடுத்த நாளும் காற்று. மூன்றாம் நாள் காலை காற்று நின்றது, குகநாதனின் பெயரைக் கூப்பிட்டார்கள். அவர் கைபேசியைப் பார்த்துக்கொண்டு நகரவில்லை. ராகுகாலமாம். கெல்சென்கிர்ச்சன் கடையில் தொங்குகிற நாட்காட்டியைப் படம் பிடித்து வைத்திருந்தார்.

"சார், அது ஜெர்மனி டைம். லோக்கல் சன்ரைஸ் வச்சுத்தான் கால்குலேட் பண்ணணும்," என்றார் கார்த்திக். உடனே கணக்குப் போட்டும் காட்டினார். அந்தக் கணக்கின்படி கசக்ஸ்தானில் ராகுகாலம் எப்போதோ முடிந்துவிட்டது. குகநாதன் யோசித்து, தான் கெல்சென்கிர்ச்சன் ஆள், தன்னைப் பிடிக்கிற ராகு அந்த ஊர் ராகுதான் என்றார். இந்த வழக்கு முடிவதற்குள் காற்று மறுபடியும் எழும்பிவிட்டது. அன்றைக்கும் பறப்பு இல்லை. மிச்சம் ஒரே ஒரு நாள். வழக்கை நான் ஜெர்மனில் விளக்கியதும், விக்டர் கம்பத்தில் காற்றுத் திசை காட்டுகிற துணியைக் காட்டிச் சொன்னார்:

"அதுக்கு உங்கள் நாட்காட்டி வாசிக்கத் தெரியாது."

வயிறு

அந்த ஊரில் விருந்தாளியின் தட்டு காலியாக இருந்தால் வீட்டுக்காரருக்கு அவமானம். நாங்கள் தங்கிய வீட்டு அம்மா ஒவ்வொரு வேளையும் எண்ணெயில் பொரித்த மாப்பண்டத்தைக் குவித்து வைப்பார். அது போதாதென்று காஞ்சனா அவருடைய அடுப்பிலேயே கத்தரிக்காய்க் குழம்பும் சோறும் சமைப்பார். காற்றடித்த நாளெல்லாம் குகநாதன் இரண்டு பக்கமும் சாப்பிட்டார். கேட்டால், "மரியாதைக்காகச் சாப்பிடுறன் அக்கா" என்பார்.

விக்டரோடு சேர்ந்து குதிக்கிறவரின் எடை தொண்ணூற்றைந்து கிலோவைத் தாண்டக் கூடாது. குகநாதன் தொலைபேசியில் தொண்ணூற்றிரண்டு என்று சொல்லியிருந்தார். வீட்டில் எப்படி நின்று நிறுத்தாரோ தெரியாது. கடைசி நாள் காலை, காற்றே இல்லாத வானத்துக்குக் கீழே, அவரைத் தராசில் ஏற்றினார்கள். நூற்றிநாலு. காலிலிருந்த சப்பாத்தைக் கழற்றினார். இடுப்புப்பட்டி, சங்கிலி, பணப்பை, கைபேசி எல்லாம் காஞ்சனாவின் கைக்கு வந்தன. நூற்றிரண்டு. மூச்சை வெளியே விட்டும் பார்த்தார். தராசு அதைக் கணக்கில் எடுக்கவில்லை.

"கொஞ்சம்தானே கூட? கடையில உந்தளவு முன்னுக்குப் பின்னுக்கு வந்தால் ஆர் பாக்கினம்?" என்றார் குகநாதன். அவர் கடையில் வெங்காயம் வாங்குகிறவள் நான். அந்த விஷயத்தை மனதில் குறித்துக்கொண்டு, விக்டருக்கு ஜெர்மனில் சொன்னேன். விக்டர் தராசின் எண்ணைக் காட்டிச் சொன்னார்:

"கடையில் தக்காளி விழுந்தால் நசியும். அவ்வளவுதான்."

தாலிக்கொடி

குகநாதன் புல்லில் உட்கார்ந்துவிட்டார். மச்சானின் சிரிப்பு அங்கிருந்தே அவர் காதில் விழுந்திருக்க வேண்டும். காஞ்சனா கையிலிருந்த சப்பாத்து, பட்டி எல்லாவற்றையும் அவர் மடியில் போட்டுவிட்டு, "ஆரோ ஒராள் குதிக்கத்தானே வேணும்" என்று தராசில் ஏறினார். ஐம்பத்தெட்டு.

"இஞ்சரும், உமக்கென்ன விசரோ?"

"மண்டபம் எடுத்தாச்சு, சனம் வரும். திரையில எதைப் போடுறது? நீங்கள் தராசில நிண்டதையோ?"

உடுப்பை மாட்டுகிறபோது ஒரு சிக்கல். கழுத்தில் எதுவும் தொங்கக் கூடாது, எல்லாவற்றையும் கழற்று என்றார் விக்டர். சங்கிலி, காப்பு எல்லாம் கழற்றிய காஞ்சனா தாலிக்கொடிக்கு மட்டும் மாட்டேன் என்றார். விக்டரும் விடவில்லை. பிறகு நான் ஊசி நூலை எடுத்தேன். பழைய பரசூட் துணியில் ஒரு சின்னப் பை வெட்டி, கழுத்தில் இருந்தபடியே கொடியின் தொங்கலைச் சுற்றி உள்ளே வைத்து, அவர் உள்சட்டையோடு சேர்த்து நெருக்கமாகத் தைத்தேன். விக்டர் இழுத்துப் பார்த்தார், அசையவில்லை. இது எதற்கு இவ்வளவு முக்கியம் என்று கேட்டார். காஞ்சனா ஜெர்மனில், கணவரைக் கைகாட்டிப் பதில் சொன்னார்:

"அந்தா இருக்கிறார், அவர் கட்டினது. அவருக்குத்தான் மேலே போகக் கிடைக்கவில்லை. இதாவது போகட்டும்."

எண்ணிக்கை

எத்தனை பேர் குதித்தார்கள், எத்தனை துணி விரிந்தது என்று தரையில் நின்று எண்ணுவது என் வழக்கம். இரண்டும் சரிவந்த பிறகுதான் தேத்தண்ணீர் குடிப்பேன். அன்றைக்கு ஹெலிகொப்டரிலிருந்து புள்ளிகள் விழுந்தன, துணிகள் ஒவ்வொன்றாக விரிந்தன. கார்த்திக்கினுடையதும் விரிந்தது. ஒன்று குறைந்தது. விக்டரும் காஞ்சனாவும் கடைசியாகக் குதிப்பவர்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் மறுபடி முதலிலிருந்து எண்ணினேன், அவர்களுடைய துணியை மடித்தவளும் நான்தான். பக்கத்தில் குகநாதன் இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டு, "அக்கா, விரிஞ்சிட்டுதோ? அக்கா, சொல்லுங்கோவன், விரிஞ்சிட்டுதோ?" என்று நிறுத்தாமல் கேட்டார். எண்ணுகிற நேரம் நான் பேசுவதில்லை. ஆனால் அந்தக் குரலைக் கேட்டு, முதல் தடவையாக அந்த மனிதர் மேல் இரக்கம் வந்தது.

விரிந்தது. சரி வந்தது. அவர்கள் புல்லில் வழுக்கி இறங்கினார்கள். குகநாதன் ஒற்றைக் காலில் சப்பாத்தோடு ஓடினார். காஞ்சனாவின் தலைமயிர் எல்லாப் பக்கமும் நின்றது. கண்ணில் தண்ணீர், வாய் நிறையச் சிரிப்பு. அழுதுகொண்டு வந்து நின்ற கணவரைப் பார்த்ததும் கேட்டார்:

"இஞ்சருங்கோ, சோத்துக்கு உலை வைச்சனீங்களோ?"

மண்டபம்

பொதுக்கூட்டத்தன்று இருக்க இடம் இல்லை. நான் கடைசி வரிசையில், கதவோடு ஒட்டி இருந்தேன். திரையில் காஞ்சனா வானத்திலிருந்து விழுந்தார். கன்னம் காற்றில் படபடத்தது. சனம் எழும்பிக் கைதட்டியது. மச்சான்தான் முதலில் எழும்பினார், "பார்த்தீங்களோ, எங்கட குடும்ப ரத்தம்" என்று. தங்கைக்குக் கைதட்டியவர் எப்படித் தங்கையின் கணவரை எதிர்ப்பது? அங்கேயே விலகிக்கொண்டார். யாரோ ஒரு பெண், காஞ்சனாவே தலைவராக வரட்டுமே என்று கேட்டார். கடையை ஆர் பார்க்கிறது என்று காஞ்சனா இருந்த இடத்திலேயே மறுத்துவிட்டார்.

குகநாதன் ஏகமனதாகத் தெரிவானார். மாலை போட்டார்கள். ஒலிவாங்கியைப் பிடித்து, தொண்டையைச் செருமி, சங்கத் தலைவராகத் தன் முதல் வசனத்தைச் சொன்னார்:

"மேலையிருந்து ஆரும் குதிக்கலாம், கீழை நிண்டு பாக்கிறதுக்குத்தான் நெஞ்சு வேணும்."

ஆகவே பயண ஆலோசனையாக நான் சொல்லக்கூடியது இதுதான்: தலைவராக வர விருப்பம் என்றால், கசக்ஸ்தானுக்கு மனைவியையும் கூட்டிக்கொண்டு போங்கள்.