கழுவிக் கழுவி

எங்கள் தீவில், மாயாபந்தரில், எது கெட்டாலும் பழி கப்பலுக்குத்தான். உருளைக்கிழங்கு அழுகினால் கப்பல் தாமதம். மாத்திரை கேட்கவில்லையென்றால் கப்பலில் கிடந்த சரக்கு. என் பசு மூன்று தடவை ஊசி போட்டும் சினை பிடிக்காதபோது நானும் அதையேதான் சொன்னேன். மெயின்லேண்டிலிருந்து வருகிற சினை மருந்தில் இருக்கிற உயிர் வழியிலேயே செத்திருக்கும் என்று, ஊசி போட வந்தவரின் முகத்துக்கு நேராகவே சொன்னேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

என் கணவர் வாதாடவில்லை. "இந்தத் தடவையும் நிக்கலன்னா குடுத்துருவோம் புள்ள. ஒரு ஆளு கேட்டுட்டே இருக்கான்" என்றார். மலட்டு மாட்டை வாங்குகிறவன் எதற்கு வாங்குவான் என்று இரண்டு பேருக்கும் தெரியும். தாய் செத்த கன்றாக வந்தவளுக்குப் புட்டியில் பால் கொடுத்தவள் நான்.

பருவத்துக்கு வந்தால் மாடு கத்தும்; அவள் கத்தவே இல்லை. நான்தான் காலண்டரில் இருபத்தொரு நாள் எண்ணி நாலாவது தடவையும் ஊசிக்காரரை வரவழைத்தேன். அவர் வங்காளி, தமிழும் இந்தியும் கலந்து பேசுவார். அன்று பெட்டியைத் திறக்காமல், மாட்டை நடத்திக் காட்டச் சொன்னார். பின்னங்காலைத் தாங்கித் தாங்கி நடந்தாள்.

"கப்சே இப்படி நடக்குது தீதி?"

"மழை தொடங்குனதுலேர்ந்துதான். அவ சோம்பேறி."

அவர் காலைத் தூக்கிக் குளம்பின் நடுவே அழுத்தினார். அவள் உதறினாள். கத்தியால் லேசாகச் சீவியதும் சீழ் வந்தது.

"வலி இருந்தா மாடு சரியா தின்னாது, இளைக்கும். கத்தாது, இன்னொரு மாட்டு மேல தாவாது. பருவம் வந்துச்சான்னு உனக்கு எப்டி தெரியும்? மருந்து டீக் தான். பக்கத்து வீட்டு மாட்டுக்கு அதுலதானே சினை நின்னுச்சு" என்றார். பிறகு தரையைப் பார்த்தார். "ரோஜ், ஒரு நாளைக்கு எத்தனை தடவை கழுவுற?"

"மூணு தடவை" என்றேன் பெருமையாக. டவுனில், ஷாதிபூரில் இருக்கும் நாத்தனார் ஒருமுறை வந்து தொழுவ நாற்றத்துக்கு மூக்கைப் பிடித்துக்கொண்ட பிறகு, கணவரோடு சண்டை போட்டுப் போடவைத்த சிமெண்ட் தரை அது. வருஷத்தில் பாதிக்கு மேல் மழை பெய்கிற ஊரில், மழை போதாதென்று நான் வேறு தண்ணீர் ஊற்றியிருக்கிறேன். குளம்பு காய நேரமே இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

புண்ணுக்கு மருந்து கட்டினோம். கணவர் மரமில்லிலிருந்து மூட்டை மூட்டையாக மரத்தூள் கொண்டுவந்து பரப்பினார். மாட்டைக் கேட்ட அந்த ஆளைக் கொஞ்சம் பொறுக்கச் சொன்னார். நான் குழாயைச் சுருட்டி வைத்தேன். கழுவக் கை அரித்தது, ஆனாலும் தொடவில்லை.

இரண்டு மாதம் போயிருக்கும். ஒரு காலையில் தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள். அந்த வாரம் கப்பல் வரவில்லை. ஊசிக்காரர் கையிருப்பில் கிடந்த பழைய மருந்தைத்தான் போட்டார். நான் வாயைத் திறக்கவில்லை.

மூன்று மாதம் கழித்துச் சோதித்துவிட்டு, சினை நின்றுவிட்டது என்றார். கணவர் அந்த ஆளுக்கு போன் செய்து இனி வரவே வேண்டாம் என்றார். நான் தொழுவத்துக்குப் போய் அவளுடைய பின்னங்காலைத் தொட்டேன். இழுத்துக்கொள்ளவில்லை. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.