சாவி என் கையில், கரண்ட் எங்கே போகுது?

நாளைக்கு என் மகள் கொட்டகலை ஸ்கூலில் டீச்சராகச் சேருகிறாள். காலையில் ஸ்கூல் நேரத்துக்குப் பஸ் இல்லை. நம்ம பழைய பைக்தான் வாகனம்.

அந்தப் பைக் நேற்று பஜாரில் ஸ்டார்ட் ஆகாமல் மானத்தை வாங்கிவிட்டது. தோட்டத்தில் நாங்கள் குடியிருக்கும் லயத்து வாசல் இறக்கமாக இருப்பதால், தினமும் உருட்டியே ஸ்டார்ட் பண்ணிப் பழகிவிட்டேன். பேட்டரி இறங்குவது சமதரையில் நின்ற பிறகுதான் தெரிந்தது.

மகள் கேட்டாள், "நாளைக்கு நான் சேலையோட தள்ளணுமாப்பா?"

"அந்தச் சனியன வித்துத் தொலைங்க" என்றாள் மனைவி.

இன்று காலை பக்கத்து லயத்து செல்வம் கரண்ட் பார்க்கும் மீட்டரோடு வந்தான். பேட்டரி வயரைக் கழற்றி, நடுவில் மீட்டரை மாட்டினான்.

"சாவி ஒங்க கையில இருக்கு. ஆனா கரண்டு போய்க்கிட்டே இருக்குண்ணே. புது பேட்டரி போட்டாலும் இதே கதிதான்."

ஹார்ன் வயரை எடுத்தான், லைட் வயரை எடுத்தான். மீட்டர் இறங்கவில்லை. கடைசியில் பைக்கில் பொருத்திப் பூட்டியிருந்த போன் சார்ஜரின் வயரைப் பிடுங்கினான். மீட்டர் பூச்சியத்துக்கு வந்தது.

"சாவி போடாமலே இது வேலை செய்ற மாதிரி யாருண்ணே பூட்டச் சொன்னது?"

மழைக்கு லயத்தில் கரண்ட் போனால் போன் செத்துவிடும் என்று அடம்பிடித்துப் பூட்டவைத்த என் மனைவி, தேத்தண்ணி ஊற்ற உள்ளே போய்விட்டாள்.

பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றி, பின்னேரம் ரோட்டில் சமமான இடத்தில் வைத்துப் பட்டனை அமுக்கினேன். ஒரே அமுக்கில் பிடித்துக்கொண்டது! மகள் கைதட்டினாள்.

இப்போது மனைவி கேட்கிறாள், "அப்போ மழை நாள்ல என் போனுக்கு என்னங்க வழி?"

அடி வாங்காமல் சொல்லக்கூடிய பதில் தெரிந்தவர்கள் கீழே எழுதுங்க.